ராத்தாவின் ஆறு அவுன்ஸ் சோறு

ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவரைத் தனியே உட்கார வைத்துச் சோறு போடலாமா?

இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. அண்மையில் ஒரு சனிக்கிழமைப் பகலில், எங்கள் வீட்டு அடுக்களையில் கையில் தராசோடு நின்றுகொண்டிருந்தபோது, அது தானாகவே வந்து என் முன்னால் உட்கார்ந்தது. எதையும் யோசித்துச் செய்கிறவன் என்று ஊரில் நாலு பேர் ஆசிரியனான என்னை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அன்று நான் தகுதியாக இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

முதலிலிருந்தே வருகிறேன்.

ராத்தா என்றால் மூத்த சகோதரி. எங்கள் வீடுகளில் அப்படித்தான் அழைப்போம். இரத்தோட்டையில் சில்லறைக் கடை வைத்திருந்த அவருடைய கணவர், என் மச்சான், காலமானபின், ராத்தா மாத்தளைக்கு வந்து எங்களோடு தங்கினார். வந்த மறுநாளே அடுக்களை அவர் கைக்குப் போயிற்று. யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. என் மனைவி ஸரீனா வருத்தப்படவும் இல்லை. ராத்தாவின் கோழி ஆணத்தை, அந்தக் குழம்பை, ஒருமுறை ருசி பார்த்தவர்கள் அந்த அடுப்புக்குப் போட்டியாக நிற்க மாட்டார்கள்.

அந்தச் சமையலில் அளவு என்று ஒன்று இருந்ததா? இருந்தது என்று ராத்தா சொல்வார். அரிசிக்குச் சுண்டு, அதாவது பால் டின்னால் ஆன அளவு. ஆனால் அந்தச் சுண்டைத் தலைதட்டி அளந்து நான் பார்த்ததில்லை. அது எப்போதும் மலை மாதிரி குவிந்தே இருக்கும். உப்புக்கு உள்ளங்கை. தேங்காய்ப்பாலுக்குக் கண். எண்ணெய்க்கு... அது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், முற்றத்தில் மிளகு காயப்போட்ட ஒரு நாள், ராத்தா உடைந்த ஓட்டுத் துண்டொன்றை மிதித்தார். வலது காலின் சின்ன விரலுக்குக் கீழே சிறு வெட்டு. மஞ்சள் அரைத்துப் பூசினார். மறந்துவிட்டார்.

காயம் அவரை மறக்கவில்லை. ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், கழிந்தும் அது மூடவில்லை. ஓரம் கறுத்தது. ஒரு நாள் ஸரீனா என்னைத் தனியே கூப்பிட்டு, மச்சி என்று தான் அழைக்கும் ராத்தாவைப் பற்றிச் சொன்னாள்.

"மச்சிட காலு மணக்குது. அவ சொல்ல மாட்டா. நீங்க கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். காலைப் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார். பிறகு ராத்தாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், புண்ணை மட்டும் பாத்துப் பிரயோசனமில்லை. அக்காவுக்குச் சீனி வருத்தம். கனகாலமா இருந்திருக்கும்."

"என்ன செய்யலாம், டாக்டர்?"

"ஒரு மாதம் பாப்பம். மாத்திரை தாறன். ஆனா மாத்திரையை மட்டும் நம்பியிராதேங்கோ. சாப்பாட்டை அளந்து குடுங்கோ. சீனி இறங்கினாப் புண் ஆறும். இறங்காட்டி நான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டி வரும். அங்க விரலை எடுப்பினம். பிந்திப் போனா விரலோட நிக்காது."

திரும்பி வரும் வழியில் ராத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "விரல எடுத்தாக் குந்தி எழும்ப ஏலுமா தம்பி?"

என் சட்டைப் பையில் டாக்டர் தந்த தாள் இருந்தது. தட்டச்சு செய்த தாள். பலமுறை நகலெடுத்து எழுத்து மங்கியிருந்தது. நாளொன்றுக்கு இத்தனை கலோரி, காலையில் இது, பகலில் இது, இரவில் இது என்று எல்லாம் அவுன்ஸ் கணக்கு. சமைத்த சோறு வேளைக்கு ஆறு அவுன்ஸ். மீன் இரண்டு அவுன்ஸ். தேங்காய் அளவாக. சீனி, கருப்பட்டி, வெல்லம் – கூடாது.

பட்டதாரி ஒருவன் கையில் ஒரு தாள் கிடைத்தால் என்ன செய்வான்? அன்றிரவே அதைத் தமிழில் எழுதினேன். கட்டம் போட்டேன். சிவப்பு மையால் தலைப்பிட்டேன். மறுநாள் காலையில் அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டு, வீட்டிலுள்ள பெண்கள் நால்வரையும் அழைத்து ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன். நால்வர் என்றால் ராத்தா, ஸரீனா, எங்கள் தாயாரான உம்மா, பதினைந்து வயதான என் மகள் ரிஸ்மியா.

"கலோரி என்டா என்ன, சீனியா?" என்று ஸரீனா கேட்டாள்.

"சீனி இல்ல. சூடு. ஒவ்வொரு சாப்பாட்டுக்குள்ளயும் இவ்வளவு சூடு ஈக்கிது என்டு ஒரு கணக்கு."

ராத்தா தாளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஆற வெச்சுத் திண்டாப் போதுமே தம்பி. இவ்வளவு எழுதியிருக்கத் தேவல்லயே."

உம்மா சிரித்தார். ரிஸ்மியா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த விரல்தான் கண்ணில் நின்றது.

தராசுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வாப்பா, என் தகப்பனார், ஏலக்காயும் சாதிக்காயும் வாங்கி விற்ற காலத்துச் சிறு பித்தளைத் தராசு அலுமாரியில் இருந்தது. அவுன்ஸ் படிக்கற்களும் இருந்தன. தட்டைப் புளி போட்டுத் தேய்த்தோம். எவ்வளவு தேய்த்தும் ஏலக்காய் வாசம் போகவில்லை. முதல் நாள் நிறுத்து வைத்த சோற்றைப் பார்த்து ராத்தா சொன்னார்: "பரவால்ல, புரியாணி மணக்குது."

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எங்களவர் பலரும் விருந்து நாட்களில் சஹனில் சாப்பிடுவார்கள். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. பாயில் நடுவே அதை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. எங்கள் வீட்டுப் பெண்கள் அதை விருந்தோடு நிறுத்தவில்லை. தினமும் அப்படித்தான். நான் முதலில் என் பீங்கானில் சாப்பிட்டுவிட்டு, மாணவர்களின் கொப்பிகளைத் திருத்தப் போய்விடுவேன். பிறகு அவர்கள் நால்வரும் சஹனைச் சுற்றி உட்காருவார்கள். அங்கே என்ன பேசுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் அறிந்ததில்லை. சிரிப்பு மட்டும் முன்னறைக்குக் கேட்கும்.

இப்போது சொல்லுங்கள் – நாலு கைகள் போகும் ஒரு தட்டில், ஒருவருடைய ஆறு அவுன்ஸை எப்படி அளப்பது?

முடியாது. ஆகவே ராத்தாவுக்குத் தனிப் பீங்கான் ஒன்றை ஒதுக்கினேன். நீலக் கரை போட்டது. இரவுச் சாப்பாட்டை நானே நிறுத்து வைத்தேன். பகலில் நான் பாடசாலையில் இருப்பதால் ஸரீனா நிறுத்தாள். மற்ற மூவரும் சஹனில். அதே பாயில், ஒரு முழம் தள்ளி, ராத்தா தன் பீங்கானோடு. நியாயமான ஏற்பாடு என்றே நினைத்தேன். ராத்தா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவர்கள் செய்கிற தவறுகளில் இது ஒன்று.

கிழமைக்கு ஒருமுறை சோதனை. டாக்டர் தந்த நீலத் திரவத்தில் சில சொட்டுச் சிறுநீரைச் சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சீனி. மஞ்சள் என்றால் கூடுதல். செங்கல் நிறம் என்றால்... அதற்கு மேல் நிறம் கிடையாது. ராத்தா வெட்கப்படுவார் என்பதால் இந்த வேலையை ஸரீனா கொல்லைப்புறத்தில் வைத்துச் செய்தாள். நான் முன்னறையில் காத்திருப்பேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

முதற் கிழமை செங்கல் நிறம். சரி, உடம்பு பழக வேண்டாமா?

இரண்டாம் கிழமை செங்கல் நிறம்.

மூன்றாம் கிழமையும் ஸரீனா குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறம் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலில் கறுப்பு ஓரம் ஒரு நெல்லளவு நகர்ந்திருந்தது. என் கட்டங்கள் சரி. என் கூட்டல் சரி. தாளில் எழுதிய கலோரிக்கு மேல் ஒரு பருக்கை நான் வைக்கவில்லை. அப்படியானால் கணக்கு எங்கே பிழைத்தது? எனக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. அதை நான் ராத்தாவிடமே கேட்டேன். இன்று எழுதும்போதும் அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"ராத்தா... நான் இல்லாத நேரத்தில என்ன சாப்பிடுறீங்க?"

தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நான் என்னத்த எடுத்துத் திண்டேன் என்டு கேக்கிறியா?"

"கோவிக்க வேணாம். சமைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா வாயில போட்டாக்கூடக் கூடிப்போகும்."

"விளங்குது" என்றார். மறுபடியும் தேங்காய் திருவத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே நான் அலுமாரியைப் பூட்டினேன். கருப்பட்டி டின், வாழைப்பழச் சீப்பு, டின் பால் எல்லாம் உள்ளே. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணை, எனக்குச் சிறு வயதில் முதுகு தேய்த்துக் குளிப்பாட்டியவரை, நான் பூட்டுப் போட்டுக் காத்தேன். விரலுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பகல் மீன் ஆணத்தில் உப்பே இல்லை. இரவு பருப்பில் வாயில் வைக்க முடியாத உப்பு. அடுத்த நாளும் அப்படியே. இத்தனை வருடத்தில் ஒரு நாள் கூடப் பிசகாத கை. என்ன ஆயிற்று?

"ராத்தா, உப்புப் பாக்கல்லயா?"

"பாக்கல்ல தம்பி." முகத்தில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டம். "உப்புப் பாத்தா வாயில போட்ட கணக்கில வரும். கலோரி ஏறிடும். உன்ட தாளில அதுக்கு எடம் இல்லயே."

ஸரீனா தலையைக் குனிந்துகொண்டாள். உம்மா மட்டும் என்னைப் பார்த்து, "நல்லாப் படிச்சீக்கிறாய் மவன்" என்றார். அது பாராட்டு அல்ல என்று விளங்க எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

அதன் பிறகு வந்தது அந்தச் சனிக்கிழமை.

பாடசாலை இல்லாததால் பகல் சோற்றையும் நானே நிறுத்தேன். ஆறு அவுன்ஸ். நீலக் கரைப் பீங்கானில் கொட்டி ராத்தாவிடம் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். கொப்பிகளை எடுத்து வைத்தேன். மனம் அதில் இல்லை. திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது – ஒருவேளை தராசே பொய்யோ? வாப்பா காலத்துத் தராசு, முள் தேய்ந்திருக்கலாம், படிக்கல் குறைந்திருக்கலாம். கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் அதற்கு முதல் நாள் வேறு படிக்கற்கள் இரவல் வாங்கி வைத்திருந்தேன். அவற்றால் அதே சோற்றை மறுபடி நிறுத்துப் பார்த்தால் என்ன?

அடுக்களைக்குத் திரும்பினேன். நால்வரும் பாயில் இருந்தார்கள். சாப்பிடுமுன் சொல்லும் பிஸ்மியைச் சொல்லி முடித்திருந்தார்கள் போலும். ராத்தா இன்னும் ஒரு வாய் எடுக்கவில்லை. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. சஹனுக்கு மேலே நீண்டிருந்த ரிஸ்மியாவின் கை சட்டென்று உள்ளே போனது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் பீங்கானை எடுத்தேன். சோற்றைத் தராசுத் தட்டில் மாற்றினேன். இரவல் படிக்கல்லை வைத்தேன்.

ஆறு போதவில்லை. ஏழு வைத்தேன். எட்டு. ஒன்பது. ஒன்பதரையில் முள் நேராக நின்றது.

நான் எங்கள் தராசின் படிக்கற்களைப் போட்டுப் பார்த்தேன். அதே ஒன்பதரை. தராசு பொய் சொல்லவில்லை. நான் ஆறு வைத்தேன் என்பதும் பொய்யில்லை. எழுந்து போய்த் திரும்பி வந்த சில நிமிஷங்களில் மூன்றரை அவுன்ஸ் சோறு எங்கிருந்து வந்தது?

"யார் வெச்ச?" என்று கேட்டேன்.

"நான் ஒரு பிடிதான் வெச்சேன் வாப்பா" என்றாள் ரிஸ்மியா. "சின்னப் பிடி. மாமிட பீங்கானப் பாத்தாப் பாவமா ஈந்திச்சி. பூனைக்கு வெக்கிற மாதிரி."

"ஸரீனா?"

"நானும் ஒண்டுதான்." அவள் குரல் மெல்லியது. "உங்கட உம்மா ரெண்டு பிடி வெக்கிறா என்டு எனக்குத் தெரியும். அதான் நான் ஒண்டோட நிப்பாட்டின."

உம்மா என்னை நேராகப் பார்த்தார். "நான் ரெண்டுதான். மறைக்க மாட்டேன். எம் புள்ள மெலிஞ்சி போறா. ரெண்டு பிடி சோத்தில விரல் போயிடுமா?"

மூன்று பேர், நாலு பிடி. ஒவ்வொருவர் கணக்கிலும் அது "ஒரு கொஞ்சம்". வேளைக்கு மூன்றரை அவுன்ஸ், நாளைக்கு இரண்டு வேளை, மூன்று கிழமை. ஒவ்வொருவருக்கும் மற்றவர் வைப்பது தெரியும். மற்றவர் வைப்பதுதான் கூடுதல் என்றும் தெரியும். நிறுத்து வைத்தவனுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

நான் ராத்தாவிடம் திரும்பினேன். "ஏன் ராத்தா சொல்லல்ல? அன்டைக்கு நான் கேட்டேனே... இவங்க வெக்கிறாங்க என்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இவங்களுக்கும் ஏசுவாய்."

"திருப்பி வெச்சிருக்கலாமே."

ராத்தா சொன்னார்: "உன்ட மச்சான் மௌத்தாப் போன அன்டைக்குக் கூட நான் தனியாத் திண்ணல்ல தம்பி. அன்டைக்கும் கையப் புடிச்சி சஹன்லதான் இருத்தினாங்க. இப்ப நீ என்ன எழுப்பி இங்கால வெச்சிட்டாய். நான் கொற சொல்லல்ல, நல்லதுக்குத்தான் செஞ்சாய். ஆனா நீ நிறுத்து வெக்கிறது எனக்கு மருந்து மாதிரி. இவங்க வெக்கிறதுதான் சோறு. அதத் திருப்பி வெக்க எனக்குக் கை வரல்ல."

நான் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு கணக்கும் ஈக்கிது" என்றார் ராத்தா, அதே நிதானத்தோடு. "பின்னேரம் பிளேன் டீயோட ஒருத்தர் கருப்பட்டியில பாதி உடைச்சித் தருவார். அதையும் சேத்துக்கோ."

ஸரீனா நிமிர்ந்தாள். "யாரு அது?"

வாசகர்கள் கவனித்திருக்கலாம் – இதுவரை எல்லோரைப் பற்றியும் எழுதிய நான் என்னைப் பற்றி ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். நாள்தோறும் பின்னேரம் ராத்தா எனக்குத் தேநீரும் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொண்டு வருவார். தான் வெறும் தேநீரோடு எதிரே உட்காருவார். எப்படிப் பார்த்துக்கொண்டு குடிப்பது? பாதியை உடைத்து, "இது ஒண்டும் செய்யாது" என்று கொடுத்துவிடுவேன். கருப்பட்டி டின்னைப் பூட்டி வைத்த பிறகும், சாவியால் திறந்து எடுத்து, பாதியைக் கொடுத்தேன். அதை நான் ஒருநாளும் கட்டத்தில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. என் பாதித் துண்டு என் மனதில் உணவாகவே பதிவாகவில்லை, அது பாசம்.

ரிஸ்மியாதான் முதலில் சிரித்தாள். பிறகு உம்மா. ராத்தாவும் சிரித்துவிட்டார். நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அன்று நான் யோசித்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். நம்மில் பலருக்கு அளந்து போடுவது என்றாலே மனம் கூசுகிறது. அளவு கடைக்கு உரியது, கூப்பன் அரிசிக்கு உரியது. வீட்டுக்குள் வந்தால் அது கஞ்சத்தனம். எல்கடுவத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பஸ் ஏறி என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் சோற்றை அளந்துதான் வைக்கிறார்கள் – போதாததால். என் வீட்டில் நான் அளந்தது மிஞ்சியதால். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அது எனக்கு வெட்கத்தையும் தந்தது. ஆனால் காலில் ஆறாத புண்ணுக்கு அந்த வெட்கம் விளங்குமா? உடம்பு பாசத்தையும் பருக்கையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது எல்லாவற்றையும் ஒரே குழாயில் ஒரே நிறமாகக் காட்டிவிடுகிறது.

அளக்காமல் விட்டால் விரல் போகும். தனியே வைத்து அளந்தால் மனிதர் போகிறார். இடையில் வழி உண்டா?

வழியைச் சொன்னவர் நான் அல்ல.

"தம்பி" என்றார் ராத்தா, "சோத்த நிறு. ஆனா சஹன்ல வெய். எனக்கு ஆறு என்டா இவங்களுக்கும் அவங்க அவங்கட பக்கத்தில நிறுத்து வெய். நான் என்ட பக்கத்தில திண்ணுவேன். யாராவது ஒரு பிடி என்ட பக்கம் தள்ளினா, என்ட பக்கத்தில இருந்து ஒரு பிடி எடுத்துத் திண்ணணும். சும்மா தள்ள ஏலாது."

நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சோற்றுக்குச் சோறு. போகிற பிடியும் வருகிற பிடியும் ஒன்று. ஆறு அவுன்ஸ் ஆறு அவுன்ஸாகவே இருக்கும். மூன்று கிழமை கட்டம் போட்டு எனக்கு வராத கணக்கு, தேங்காய் திருவும் கைக்கு வந்திருந்தது.

"எனக்கு என்ன வருத்தம் ஈக்கிது என்டு எனக்கும் நிறுக்கிற?" என்று உம்மா ஆட்சேபித்தார்.

"வருத்தம் இல்ல உம்மா" என்றார் ராத்தா. "உங்கட கை பெரிசு. அதான்."

அலுமாரிச் சாவியை அன்றே ராத்தாவிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேனா? கேட்க வாயெடுத்தேன். "போ போ, கொப்பியத் திருத்து" என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு ஆணத்தில் உப்புச் சரியாக இருந்தது.

புதிய ஏற்பாடு முதல் இரண்டு நாள் ஒரு விளையாட்டு மாதிரி நடந்தது. யார் தள்ளினாலும் ராத்தா விடமாட்டார். "எடு, எடு, என்ட பக்கத்தில எடு." உம்மா ஒருமுறை தள்ளிவிட்டு மறந்ததுபோல் இருந்தாராம். ராத்தா தன் கையாலேயே ஒரு பிடி எடுத்து உம்மாவின் வாயில் வைத்தாராம். எனக்கு ஸரீனா சொன்னது. நான் முன்னறையில் சிரிப்பை மட்டும் கேட்டேன். மூன்று கிழமையாக அந்தச் சத்தம் கேட்காதிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. அதற்கு முதல் நாள் குழாயில் நிறம் மஞ்சள். செங்கல் இல்லை, ஆனால் நீலமும் இல்லை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் ராத்தா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாதம் துணியால் சுற்றியிருந்தது. நான் மனதுக்குள் கண்டி பஸ் நேரத்தையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் துணியை அவிழ்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கறுப்பு ஓரத்தை ஓர் ஊசியால் தொட்டார். ராத்தா காலை இழுத்தார்.

"நோகுதோ? நல்லது. நோகட்டும்." பிறகு நான் கொண்டுபோன நிறக் குறிப்பைப் பார்த்துவிட்டு என்னிடம்: "மூன்று கிழமையா ஒண்டும் இறங்கேல்லை, நாலாம் கிழமைதான் இறங்கத் துடங்கியிருக்கு. ஏன் மாஸ்டர்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பிடியையும் சொன்னேன். பாதிக் கருப்பட்டியையும் சொன்னேன்.

அவர் பேனாவைத் திறந்தார். கண்டிக்கான கடிதமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் எழுதியது மாத்திரைச் சீட்டு.

"இன்னும் ரெண்டு கிழமை தாறன். இதே மாதிரி நடத்துங்கோ." பிறகு ராத்தாவைப் பார்த்து, "அம்மா, சாப்பாட்டை இனி ஆர் பாக்கிறது?"

"நான்தான்" என்றார் ராத்தா.

"அப்ப சரி."

அந்த இரண்டு கிழமையும் கழிந்து, அதற்கு மேல் இன்னும் ஒரு மாதமும் ஆகிவிட்டது. குழாயில் இப்போது பெரும்பாலும் பச்சை. சில கிழமைகளில் நீலம். கறுப்பு ஓரம் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தோல் வந்து, சென்ற வெள்ளிக்கிழமை புண் முழுதாக மூடியது. கண்டிக்குக் கடிதம் போகவில்லை.

எங்கள் தெருவில் மூன்று வீட்டார் என் கட்டத் தாளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சீனி வருத்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் வெளியில் சொல்வதில்லை. கொடுப்பதற்கு முன் தாளின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தேன்: வருத்தக்காரரைத் தனியே இருத்த வேண்டாம்.

சோற்றை நான் இப்போது நிறுப்பதில்லை. ராத்தா நிறுக்கிறார், எனக்கும் சேர்த்து. எங்கள் வீட்டில் தனிப் பீங்கான் கிடையாது. அளவு எல்லோருக்கும் உண்டு.